மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நாளை வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன உடனே குடும்பத்தில் எல்லோரும் பில், வண்டி, நல்ல நேரம் ஆகிய மூன்றைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவை மூன்றும் அரை நாளில் முடிந்துவிடும் வேலைகள். அவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. வார்டில் செவிலியர்கள் மூன்று ஷிப்டுகளாகப் பிரித்துக்கொண்டு இரவும் பகலும் செய்துவந்த பணி முழுவதும் அன்று மாலையிலிருந்து வீட்டில் இருக்கும் ஓரிருவர் தலையில் வந்து விழப்போகிறது. மருந்து எடுத்துக் கொடுப்பது, காயத்தைப் பார்ப்பது, சிறுநீர் எவ்வளவு போகிறது என்று கவனிப்பது, நள்ளிரவில் புரட்டிப் படுக்க வைப்பது என ஒவ்வொன்றுக்கும் இன்னார் என்று முன்கூட்டியே ஆள் குறித்துவைத்த வீட்டில் நோயாளி நன்றாகத் தேறுகிறார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தோ, தக்கலை, குழித்துறை அரசு மருத்துவமனைகளிலிருந்தோ, நாகர்கோவில், மார்த்தாண்டம் தனியார் மருத்துவமனைகளிலிருந்தோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்திலிருந்தோ முதன்முறையாக ஒரு நோயாளியை வீட்டுக்கு அழைத்துவரப் போகிறவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது.

முதலில் ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்

நோயாளியுடன் வார்டில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் மாறி மாறி நிற்பது நம் வழக்கம். அதில் தவறில்லை, ஆனால் மருத்துவர் சொல்வதைக் கேட்பவர், காகிதங்களை வாங்கி வைப்பவர், மருந்துகளை அறிந்தவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். முதல் நாள் மருமகன் கேட்டதும் இரண்டாம் நாள் தங்கை கேட்டதும் வீட்டில் ஒன்றுசேராமல் போவதால்தான் மாத்திரைகளில் குழப்பம் வருகிறது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, ஊரில் வயதான தம்பதியர் மட்டும் இருக்கும் வீடுகள் இம்மாவட்டத்தில் ஏராளம். அத்தகைய வீடுகளில் பணம் அனுப்புகிறவரே எல்லாவற்றையும் தீர்மானிப்பதும், அருகிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் சொல்லப்படாததும் வாடிக்கை. வெளிநாட்டிலுள்ள மகன் வீடியோ அழைப்பில் மருத்துவரிடம் பேசட்டும். ஆனால் இரவு 2 மணிக்கு எழுந்து பார்க்கப்போகிறவர் எவரோ அவரே அந்த உரையாடலின்போது பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைப்பதாக இருந்தால், அவரை டிஸ்சார்ஜ் ஆன பிறகு வீட்டுக்கு வரச்சொல்வதைவிட ஒரு நாள் முன்னதாகவே வார்டுக்கு வரச்சொல்லுங்கள். அந்த ஒரு நாள் சம்பளம் வீண்செலவு அல்ல. அவர் முறைப்படி நர்சிங் படித்தவரா, உதவியாளராக மட்டும் பழகியவரா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; ஊசி போடுவதும் மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பதும் எல்லோரும் செய்யக்கூடிய வேலைகள் அல்ல.

வார்டிலேயே கற்றுக்கொள்ள வேண்டியவை

டிஸ்சார்ஜ் நாளன்று காலையில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. எனவே அதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே, ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில், கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். எப்போது குளிக்கலாம், மாடிப்படி ஏறலாமா, எவ்வளவு எடை தூக்கலாம், தையல் எப்போது பிரிப்பார்கள், வேலைக்கு எப்போது போகலாம், எந்த உணவை விலக்க வேண்டும், நிலைமை மோசமானால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பவை எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் கேள்விகள். கட்டுமரத்திலோ விசைப்படகிலோ கடலுக்குப் போகிறவரும், அதிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் தங்கள் தொழிலை வெளிப்படையாகச் சொல்லி, எப்போது திரும்பலாம் என்று கேட்க வேண்டும். வேலை செய்யலாம் என்று பொதுவாகச் சொல்லும் மருத்துவர் மேசை வேலையை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கக்கூடும்.

செயல்முறைகளைப் பொறுத்தவரை, பார்த்துக் கற்றது போதாது. இன்சுலின் ஊசி, காயத்துக்குக் கட்டு மாற்றுதல், சிறுநீர்க் குழாயோடு இணைத்த சிறுநீர்ப் பையைக் காலி செய்தல், மூக்குக் குழாயில் உணவு கொடுத்தல் ஆகியவற்றை முதல் முறை செவிலியர் செய்ய நீங்கள் பாருங்கள்; இரண்டாம் முறை அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள். கை நடுங்குவதானால் அது வார்டில் நடுங்கட்டும். மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அப்படியே சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. முழுதாக நிரம்பும்வரை காத்திராமல் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். இவ்விரண்டையும் தவறவிட்டால் முன்னதில் நுரையீரலிலும் பின்னதில் சிறுநீர்ப் பாதையிலும் கிருமித் தொற்று வர வாய்ப்பு உண்டு.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கும்போது

நோயையும் செய்த சிகிச்சையையும் எழுதி மருத்துவமனை தரும் இந்தத் தாள்களை மடித்துப் பையில் வைத்துவிடாமல், கொடுத்தவர் எதிரிலேயே படித்துப் பாருங்கள். பெயரும் வயதும் ஆதார் அட்டையில் உள்ளபடி இருக்க வேண்டும்; உள்நோயாளி எண், அனுமதித்த தேதி, வெளியேறும் தேதி ஆகியவையும் சரியாக இருக்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காகக் காப்பீட்டுத் தொகை மாதக்கணக்கில் நின்றுபோவதுண்டு. நோயின் பெயர், செய்த அறுவை சிகிச்சையின் பெயர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற குறிப்பு, வெளியேறும் நாளின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும், தொடர வேண்டிய மருந்துகள், மறுபரிசோதனைத் தேதி ஆகிய அனைத்தும் அதில் உள்ளனவா என்று பாருங்கள். பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) போன்ற பரிசோதனைகளின் முடிவு பல நேரங்களில் நோயாளி வீட்டுக்கு வந்த பிறகுதான் வரும். எந்த முடிவு வரவேண்டியிருக்கிறது, அதை யார், எங்கே, எப்போது போய் வாங்க வேண்டும் என்பதைக் கேட்டு அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் விடப்படுவதில் இதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள், இசிஜி தாள்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்டென்ட் (அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) அல்லது செயற்கை மூட்டு வைத்திருந்தால் அதன் பெட்டியிலிருந்த ஸ்டிக்கர் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை ஆவணங்களை நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. சாலை விபத்து, விழுந்து அடிபட்டது, பாம்புக்கடி போன்றவற்றில் விபத்துப் பதிவேட்டின் நகலும் பின்னால் தேவைப்படும்.

மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் குடும்பத்தார் கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தால், அவ்வாறே அந்தத் தாளில் எழுதப்படும். பணமுடையினாலோ வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்காகவோ அப்படிச் செய்ய நேர்ந்தாலும், இதுவரை கொடுத்த மருந்துகளின் பட்டியலை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

மருந்துகள்

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான். மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு முறை, பி.டி. என்றால் இரு முறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை, ஹெச்.எஸ். என்றால் படுக்கப்போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஏ.சி. என்பது சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்பது சாப்பாட்டுக்குப் பின். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரைகளும் உண்டு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் அப்படிப்பட்டது. அதைத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே அத்தகைய மாத்திரையின் அட்டைமேல் கிழமையைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்.

பழைய மாத்திரைகளும் புதியவையும் சேர்ந்து வீட்டில் கிடப்பதும் ஆபத்தானது. ஒரே மருந்து வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் வருவதால், முன்பு சாப்பிட்ட இரத்த அழுத்த மாத்திரையும் இப்போது எழுதிக்கொடுத்ததும் ஒன்றேயாக இருக்கலாம். இரண்டையும் சாப்பிட்டவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வீட்டிலுள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி வார்டுக்குக் கொண்டுபோய், எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எதற்கு அளவு மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். நிறுத்தச் சொன்னவற்றை வீட்டு அலமாரிக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து, ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மருந்தின் பெயரும் அது எதற்கானது என்பதும், மேலே காலை, மதியம், மாலை, இரவு என்ற பிரிவுகளும் இருக்கட்டும். கொடுத்து முடித்ததும் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். காலையில் அம்மா கொடுத்தாரா இல்லையா என்று மாலையில் யாரும் ஊகிக்க வேண்டியிராது. படிக்கத் தெரியாதவர் கொடுப்பதாக இருந்தால் காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் வரைந்த காகித உறைகளில் அன்றன்றைக்கான மாத்திரைகளைப் பிரித்துப் போடலாம். திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மருந்து உறையின்மேல் மலையாளத்தில் எழுதிக் கொடுப்பதுண்டு. முன்பு திருவிதாங்கூரோடும், பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த நிலம் என்பதால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து முதியவர்கள் சிலருக்கு அதைப் படிக்கத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தெரியாது. மருந்தகக் கவுன்டரில் நிற்கும்போதே தமிழில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்சுலினில் ஒரு நுணுக்கம் உண்டு. குப்பியில் 40 என்று இருந்தால் 40 என்று அச்சிட்ட சிரிஞ்சையும், 100 என்று இருந்தால் 100 என்று அச்சிட்ட சிரிஞ்சையும்தான் பயன்படுத்த வேண்டும். இவை மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடிவிடலாம் அல்லது குறைந்துவிடலாம். சிரிஞ்ச் வாங்கும்போது குப்பியையும் கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. திறக்காத குப்பியை ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரைகளையும், ஸ்டென்ட் வைத்தவர்களுக்கான மாத்திரைகளையும், ஸ்டீராய்டு மாத்திரைகளையும் தாமாக நிறுத்தக்கூடாது. பல் பிடுங்கப் போவதானாலும் இதய மருத்துவரைக் கேட்ட பிறகே நிறுத்த வேண்டும். வலி என்றதும் கடையில் போய்க் கேட்டு வாங்கும் மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் கெடுக்கக்கூடியவை என்பதால், எந்த வலி மாத்திரை பாதுகாப்பானது என்று மருத்துவரிடமே ஒரு பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மருந்து தேவைப்படுபவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்துகொண்டால் மருந்து வீட்டுக்கே வரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்போருக்கான வலிதணிப்புப் பராமரிப்பும் அடங்கும். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலுடன் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.

வீட்டை ஆயத்தப்படுத்துதல்

இடுப்பிலோ முழங்காலிலோ அறுவை சிகிச்சை ஆனவர் தரையில் பாய் விரித்துப் படுக்கவும், சம்மணமிட்டு உட்காரவும், குத்தவைக்கும் கழிப்பறையைப் பயன்படுத்தவும் முடியாது. கட்டிலும் கமோடு நாற்காலியும் அவர் வருவதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும். கட்டில் மிகத் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தலாம், ஆனால் ஆடக்கூடாது. படுக்கையிலேயே இருப்பவருக்கு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். காற்று மெத்தை போட்டாலும் இந்த வேலை நிற்காது.

பழைய ஓட்டு வீடுகளில் குளியலறையும் கழிப்பறையும் வீட்டின் பின்புறம், கிணற்றை ஒட்டி இருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை முற்றத்திலும் கிணற்றடியிலும் படிகளிலும் பாசி படிந்தே கிடக்கும். பிளீச்சிங் பவுடர் தூவி, ஊறவைத்து, துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழியில் மிதியடி, கம்பளம், மின்வயர் எதுவும் கிடக்கக்கூடாது; இரவில் ஒரு சிறு மின்விளக்கு எரிய வேண்டும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) வைத்திருப்பவர்கள், காற்றுமழை நாட்களில் தோட்டத்து மரம் விழுந்து மின்சாரம் போவது இயல்பான ஊர் என்பதை நினைவில் கொண்டு, ஒரு சிலிண்டரையும் நிரப்பி வைத்திருக்க வேண்டும். அந்த அறையில் விளக்கேற்றுவதோ, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி கொளுத்துவதோ கூடவே கூடாது.

சாலையிலிருந்து வீடு வரைக்குமான வழியையும் பாருங்கள். மேற்குப் பகுதிகளில் பல வீடுகள் சாலைக்குக் கீழேயோ மேலேயோ, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இருக்கின்றன. வண்டி எதுவரை வரும், அதன்பின் எத்தனை படி, நோயாளியை நாற்காலியில் வைத்துத் தூக்க யார் யார் வருவார்கள் என்பதை முதல் நாளே பேசி வைத்துவிட்டால், அவரைச் சாலையோரத்தில் உட்கார வைத்துவிட்டு ஆள் தேட வேண்டியிராது.

கிளம்பும் நாள்

சிலர் செவ்வாயும் சனியும் வேண்டாம் என்பார்கள். சனிக்கிழமை மாலை வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான், காரணம் மட்டும் வேறு: மறுநாள் ஞாயிறு, சந்தேகம் கேட்க மருத்துவர் கிடைக்கமாட்டார், சிறிய ஊர்களில் மருந்துக்கடையும் லேபும் மூடியிருக்கும். வார நாளின் முற்பகலில் கிளம்புவதே எல்லா வகையிலும் வசதி.

தனியார் மருத்துவமனையில் பயன்படுத்தாத மருந்துகளையும் ஊசிகளையும் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்து, அந்தத் தொகை பில்லில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனியார் காப்பீட்டில் பணமில்லாச் சிகிச்சை (கேஷ்லெஸ்) பெற்றவர்களுக்கு, மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை போன 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் விதித்திருக்கிறது. அதற்குமேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அதில் அனுமதி பெற்ற சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டாலோ ஐயம் எழுந்தாலோ 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். பணம் கட்டிவிட்டுப் பின்னர் காப்பீட்டில் கோரப்போகிறவர்கள் மூலப் பில், ரசீது, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு அனைத்தையும் நகலெடுத்து வைத்துக்கொண்ட பிறகே அனுப்ப வேண்டும்.

படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நோயாளியின் இரு கைகளையும் பாருங்கள். மருந்து ஏற்றப் பொருத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசியைக் கழற்றாமலே சிலர் வீடுவரை வந்துவிடுகிறார்கள். முழுக்கைச் சட்டை மாட்டிவிட்ட அவசரத்தில் யார் கண்ணிலும் படுவதில்லை. கழற்றிய இடத்தில் பஞ்சை வைத்துச் சில நிமிடங்கள் தேய்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டும். கட்டில் அடி, தலையணைக்குக் கீழ், குளியலறை என எல்லா இடத்தையும் பார்த்து, பல்செட்டு, கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றிலோ முதுகெலும்பிலோ அறுவை சிகிச்சை ஆனவரை ஆட்டோவில் ஏற்ற வேண்டாம். காரில் முன்னிருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்த்து உட்கார வைத்து, வயிற்றுத் தையலுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவே மடித்த துவர்த்து (துண்டு) ஒன்றை வையுங்கள். சிறுநீர்ப் பையை மடியில் வைக்காமல் காலருகே தொங்க விடுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர்கள் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று நெரிசலில் நின்று நின்று வர வேண்டியிருக்கும் என்பதால், வழியில் கொடுக்க வேண்டிய வேளை மருந்தும் தண்ணீரும் வாந்திப் பையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மணிக்கொரு முறை பாதங்களை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். 108 அவசரத்துக்கான ஊர்தி, வீட்டில் கொண்டுவிட வராது. அரசு மருத்துவமனையில் பிரசவித்த தாயையும் குழந்தையையும் வீட்டில் இலவசமாகக் கொண்டுவிட 102 ஊர்தி உண்டு. அந்தத் தாய்மார், குழந்தைக்குப் போட்ட தடுப்பூசிகளின் அட்டையையும், பிறப்புப் பதிவுக்கான விவரத்தையும் வார்டிலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த தடுப்பூசி ஆறாவது வாரத்தில்.

உணவும் பார்க்க வருபவர்களும்

நோயாளி வந்த செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்களும் ஜெபக்குழுவினரும் அக்கம்பக்கத்தாரும் வருவார்கள். வெறுங்கையோடு வர மாட்டார்கள். ஏத்தன்பழம், இளநீர், ஆரஞ்சு, ரஸ்க், ஹார்லிக்ஸ் என்று மேசை நிறைந்துவிடும். இவற்றில் இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு அது கூடினால் இதயத் துடிப்பையே நிலைகுலைக்கும். குளிர்ச்சி என்று நினைத்துக் கொடுக்கும் இளநீர் அவருக்கு ஆகாது. இதயம் பலவீனமானவருக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றின் உப்பினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அத்தகையவர் தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுவதற்கு முன், எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ ஏறினால் மருத்துவரை அழைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் நீர்தான் என்று சொல்லியிருந்தால், கஞ்சித் தண்ணீரும் ரசமும் சுக்குக் காப்பியும் அந்தக் கணக்கிலேயே அடங்கும். சர்க்கரை நோயாளிகள் வீட்டில் கருப்பட்டி கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை வலுவாக இருக்கிறது. அதுவும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும், மரச்சீனிக்கிழங்கும் அவ்வாறே. மீன் பொதுவாக நல்லது, பொரிப்பதைவிடக் குழம்பு வைப்பது மேல்.

பார்க்க வருபவர்களை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. மாலை 4 முதல் 6 வரை என்று ஒரு நேரத்தைக் குடும்பத்தில் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இராது. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வர வேண்டாம். கூட்டமாக வரும் ஜெபக்குழு முன்திண்ணையில் அமர்ந்து ஜெபித்தாலும் நோயாளிக்குக் கேட்கும்.

இம்மாவட்டத்துக்கே உரிய இன்னொரு பேச்சும் எழும்: இன்ன ஊர் ஆசானிடம் காட்டி எண்ணெய் போட்டுத் தடவினால் சீக்கிரம் நடக்கலாம் என்பது அது. வர்ம வைத்தியத்துக்கு இங்கே நெடிய மரபு உண்டு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் தையல் ஆறாத இடத்திலும், உள்ளே தகடும் திருகும் வைத்த எலும்பின்மேலும், வீங்கி வலிக்கும் கெண்டைக்காலிலும் தடவக்கூடாது. பல நாள் படுத்திருந்தவரின் காலில் இரத்தக்கட்டி இருந்தால், தடவும்போது அது பிரிந்து நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிக்கக்கூடும். அறுவை செய்த மருத்துவர் சம்மதித்த பிறகு, என்ன சிகிச்சை நடந்தது என்ற தாளையும் ஆசானிடம் காட்டிவிட்டுச் செய்வதே முறை.

காத்திராமல் செல்ல வேண்டிய நேரங்கள்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல், நினைவு தப்புதல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போவது, தையல் சிவந்து சூடாகிச் சீழ் வருவது அல்லது வாய் திறப்பது, ஒரு கால் மட்டும் வீங்குவது, சிறுநீர் மிகவும் குறைவது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாவது ஆகியவற்றுக்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக்கூடாது. சர்க்கரை நோயாளிக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் அது சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும் மருந்துப் பையும் கூடவே போக வேண்டும்.

மறுபரிசோதனை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளி எந்த யூனிட்டில் (மருத்துவர் குழுவில்) சேர்க்கப்பட்டாரோ அந்த யூனிட்டின் புறநோயாளி நாளில்தான் போக வேண்டும். வேறு நாளில் போனால் பார்க்காமல் அனுப்பமாட்டார்கள், ஆனால் அறுவை செய்த மருத்துவர் இருக்கமாட்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போதே யூனிட்டின் பெயரையும் கிழமையையும் எழுதி வாங்குங்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, மண்டைக்காடு கொடை, சிவராத்திரி போன்றவற்றுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கமாதலால், குறித்த தேதி அப்படியொரு நாளில் விழுகிறதா என்று பார்த்து முன்னமே விசாரியுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமா, அன்று காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போவதானால் இன்சுலினையும் காலை உணவையும் கையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு போட்டுச் சாப்பிடலாம். மருந்துக் கட்டத்தாள், எடையும் இரத்த அழுத்தமும் எழுதிய நோட்டு, பழைய படங்கள், மீதமிருக்கும் மாத்திரை அட்டைகள் ஆகியவற்றோடு, அன்றாடம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவரே நோயாளியுடன் போக வேண்டும்; வண்டியோட்டி வந்தவர் வெளியே காத்திருக்கலாம்.